கிளம்பலாம் மாமா

பதினோரு கிலோமீட்டர் போய், அங்கே சற்று மூச்சு வாங்கி, அதே பதினோரு கிலோமீட்டர் திரும்பி வருகிற ரயிலுக்கு ஜனங்கள் முண்டியடித்து டிக்கெட் எடுக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் முன்னால் நிற்கிற நீராவி இன்ஜின்தான். அதற்கு நூற்றுப் பதினெட்டு வயது. ஷெட்டில் இன்னும் இரண்டு பழைய இன்ஜின்கள் இருந்தன. அவற்றுக்குப் பெயின்ட் அடித்து, பித்தளையைத் துடைத்து, பிள்ளைகள் ஏறிப் படம் எடுத்துக்கொள்ள நிறுத்திவைத்திருந்தார்கள். உயிரோடு ஓடுவது இது ஒன்றுதான். இதற்குப் பெரியம்மா என்று பெயர். யார் வைத்த பெயரோ தெரியாது, ஆனால் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். காலையில் நாலு மணிநேரம் கெஞ்சினால்தான் சூடேறும், ஏறிவிட்டால் யார் பேச்சையும் கேட்காது.

பெரியம்மாவை ஓட்டுகிற டிரைவருக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷம் டீசல் இன்ஜின் ஓட்டி, ஐம்பது வயதிலேயே விருப்ப ஓய்வு பெற்று, பிறகு இங்கே வந்தவர். கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன் அவருடைய மனைவியின் தம்பி. டிரைவர் அவனை 'மாப்ள' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவன் அந்த ஷெட்டுக்கே மாப்பிள்ளை ஆகிவிட்டான். அவன் 'மாமா' என்று கூப்பிட்டதில் அவரும் ஊருக்கெல்லாம் மாமா. மாப்பிள்ளைக்கு ஐம்பத்திரண்டு வயது. வாரத்தில் ஐந்து நாள் சொந்த வெல்டிங் பட்டறை, சனி ஞாயிறு பெரியம்மா.

அவனை இங்கே இழுத்து வந்தது மாமாதான். மனைவி செத்துப்போன வருஷம் அவன் பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். மாமா வந்து ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "சுவரைப் பாக்கறதுக்குப் பதிலா வந்து நெருப்பைப் பாரு," என்று சொல்லிக் கையோடு கூட்டிப் போய்க் கரி அள்ளுகிற கரண்டியைக் கொடுத்துவிட்டார். முதல் மாதம் முதுகு ஒடிந்தது. இரண்டாம் மாதம் தூக்கம் வந்தது. இது நடந்து பத்து வருஷம் ஆகிறது. மாமாவுக்காக உயிரைக் கொடுப்பேன் என்றெல்லாம் அவன் சொன்னதில்லை. ஆனால் கேட்டால் கொடுத்திருப்பான்.

இங்கே ஒரு தொழில் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இன்ஜினில் டிரைவர் வலது பக்கம் நிற்பார். அந்தப் பாதையில் இருக்கிற இரண்டு ஸ்டேஷனிலும் பிளாட்பாரம் இடது பக்கம். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்டுவது டிரைவருக்குத் தெரியாது. இடது பக்கம் நிற்கிற ஃபயர்மேன் எட்டிப் பார்த்து, "கிளம்பலாம்" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் டிரைவர் ரெகுலேட்டரைத் திறந்து, நீராவியை விட்டு, வண்டியை நகர்த்துவார். ஐந்து பெட்டி ஜனமும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் மாப்பிள்ளை கொடியைப் பார்த்துவிட்டு, "கிளம்பலாம் மாமா," என்றான். மாமா பிரஷர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை சொன்னான். மூன்றாம் முறை கத்தினான். அவர் திரும்பவில்லை. பொறுமை இழந்து கையிலிருந்த கரண்டியால் இரும்புத் தரையில் இரண்டு குத்து குத்தினான். மாமா உடனே ரெகுலேட்டரில் கை வைத்தார். "கேக்குதுடா, கேக்குது. ஏன் தொண்டையைக் கிழிச்சுக்கறே," என்றார்.

அவருக்குக் காதில் எதுவும் கேட்கவில்லை. தரை அதிர்ந்தது காலுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் தன் காதில்தான் கேட்டது என்று அவர் மனசார நம்பினார். எட்டு வருஷமாகப் பழகிய வார்த்தை ஆயிற்றே, உள்ளங்காலில் இரண்டு குத்து விழுந்ததும் மீதியை மனசு போட்டுக்கொண்டது. மாப்பிள்ளைக்கு அன்றைக்கே விஷயம் புரிந்துவிட்டது. இறங்கியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். சாயங்காலம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான். அடுத்த வாரம் சொல்லவில்லை, கரண்டியால் இரண்டு தட்டு தட்டினான். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. "இப்பல்லாம் நீ ரொம்பத் தெளிவாக் கூப்பிடறே மாப்ள. முன்னாடி முணுமுணுப்பே," என்று மாமா பாராட்டக்கூடச் செய்தார்.

அன்றிலிருந்து மாப்பிள்ளை அந்தத் தரையில் வேறெதையும் விழவிட்டதில்லை. கரண்டியில் ஈரக் கரி ஒட்டினால் அடுப்பு வாயின் விளிம்பில் தட்டுவான், ஸ்பானரைத் துணியில் சுற்றி வைப்பான். ஏதாவது ஆபத்தென்றால் மாமாவின் தோளைத் தொடுவான். அந்த இன்ஜினின் பாதிக் காது அவனாகவே ஆகிவிட்டான்.

வருஷா வருஷம் டாக்டர் பரிசோதனை உண்டு. கண்ணைப் பார்ப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார். படிவத்தில் காதுக்கு ஒரு கட்டம் இருந்தது. டாக்டர் நேருக்கு நேர் உட்கார்ந்து, "நல்லாக் கேக்குதா?" என்பார். உதடு அசைவதைப் பார்த்து, "கணீர்னு கேக்குது," என்பார் மாமா. டிக் விழுந்துவிடும்.

மாப்பிள்ளையின் அக்காவுக்கும் தெரியும். மாமா வீட்டில் டிவி போட்டால் தெருமுனை வரைக்கும் செய்தி கேட்கும். தம்பியிடம் ஃபோனில், "மாமாவுக்குச் சளி, காது அடைச்சிருக்கு, சத்தமாப் பேசு," என்பாள். ஆமாம் அக்கா, இந்தக் காலத்துச் சளி லேசில் போகாது என்பான் இவன். இரண்டு வருஷச் சளி! அவள் தம்பியிடம் மறைத்தாள், தம்பி அக்காவிடம் மறைத்தான், இருவரும் சேர்ந்து மாமாவிடம் மறைத்தார்கள். மாமாவோ தனக்குக் கொஞ்சம் மந்தம், எந்த இன்ஜின்காரனுக்குக் காது கூர்மையாக இருக்கும் என்று நிம்மதியாக இருந்தார். பாசம் என்று இதற்குப் பெயர் வைத்துக்கொள்கிறோம். பாதி பாசம்தான், மீதி பயம்.

போன சனிக்கிழமை அது வெடித்தது.

அன்றைக்கு வந்த கரி மட்டம். பாதிக்குப் பாதி தூள், அதுவும் நனைந்த தூள். அள்ளினால் கரண்டியோடு அப்பிக்கொண்டு வரும். நெருப்பு சோர்ந்து கிடந்தது, பிரஷர் முள் ஏற மாட்டேன் என்றது. பின்னால் கடைசிப் பெட்டியில், சக்கர நாற்காலியில் வந்த ஒரு அம்மாளை ஏற்றுவதற்குக் கார்டு பலகை போட்டுக்கொண்டிருந்தார். கார்டு வாரநாட்களில் பல் டாக்டர், நிதானமான மனிதர். ஒரு காலைப் பெட்டியிலும் ஒரு காலைப் பிளாட்பாரத்திலும் வைத்துப் பலகையைப் பிடித்திருந்தார். அந்த அம்மாளின் புருஷன் பின்னாலிருந்து நாற்காலியைத் தள்ளினார்.

மாப்பிள்ளை முள்ளைப் பார்த்துக்கொண்டே கரி போட்டான். கரண்டி கனத்தது. எரிச்சலில், யோசிக்காமல், கரி அள்ளுகிற எந்த மனிதனும் செய்வதைச் செய்தான். கரண்டியைத் தரையில் இரண்டு தட்டு தட்டி உதறினான்.

தட்டிய பிறகுதான் தட்டியது தெரிந்தது. அதற்குள் மாமா ரெகுலேட்டரைத் திறந்துவிட்டார். "நில்லுங்க மாமா," என்று இவன் அலறினான். யாரிடம் அலறுவது? பாய்ந்து போய் அவர் கையைப் பிடிப்பதற்குள் கார்டு தன் பெட்டிக்குள் தாவிப் பிரேக்கை இழுத்துவிட்டார். வண்டி மொத்தம் நாலு அடிதான் நகர்ந்திருந்தது. ஆனால் பலகை சரிந்து, நாற்காலியின் முன் சக்கரம் இடுக்கில் இறங்கி, அந்த அம்மாள் கீழே சாய்ந்தாள். புருஷன் நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டதால் உயிர் தப்பியது. மணிக்கட்டு எலும்பில் விரிசல். இன்னும் இரண்டடி நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாமா இறங்கி ஓடினார். அந்த அம்மாள் பக்கத்தில் போய் மண்டி போட்டு மன்னிப்புக் கேட்டார். ஆம்புலன்ஸ் போன பிறகு மாப்பிள்ளையிடம் வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் இவனைக் கொன்றது.

"ஏன் மாப்ள அவசரப்பட்டே? கொடி காட்டறதுக்கு முன்னாடியே கூப்பிட்டுட்டியே."

விசாரணை வைத்தால் நான் கேட்டதைத்தான் சொல்லுவேன், பொய் சொல்லத் தெரியாது, கோவிச்சுக்காதே என்றார் மாமா. இவன் தலையை மட்டும் ஆட்டினான்.

திங்கட்கிழமை மத்தியானம் அக்கா பட்டறைக்கு வந்தாள். வந்தவள் உட்காராமல் வெல்டிங் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சளிக் கதையை அன்றைக்கு எடுக்கவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் முறையாக இருவரும் நேராகப் பேசினார்கள், அதுவும் ஐந்தே நிமிஷம். மாமாவிடம் வேறேதோ சொல்லிக் காதுக்கு டாக்டரிடம் கூட்டிப் போகப் பார்த்தது, அவர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில்தான் வந்த விஷயத்துக்கு வந்தாள்.

"நீதான் கூப்பிட்டேன்னு ஒத்துக்க. உனக்குப் பட்டறை இருக்கு. அவருக்கு அந்த இன்ஜினை விட்டா என்னடா இருக்கு? நாற்காலியும் நானும்தான்."

சரி என்று சொல்லிவிட்டான். யோசித்துச் சொன்னதில்லை. அக்கா அழுதாள், அழுகிற அக்காவிடம் வேறென்ன சொல்வது? தவிர அது அவனுக்கு நியாயமாகவும் பட்டது. தப்பு தன்னுடையது, தண்டனையும் தனக்கு, மாமா பாட்டுக்கு ஓட்டட்டும். வீட்டுக்குப் போய்ப் படுத்தபோது மனசு லேசாகக்கூட இருந்தது. முட்டாளுக்கு நிம்மதி சீக்கிரம் வரும்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அலுவலக அறையில் சூப்பிரண்டு அம்மா உட்கார்ந்திருந்தார். ரயிலை நடத்துகிற சங்கத்தில் கடைசி வார்த்தை அவருடையது. மேசைக்கு எதிரே துணி தைத்த இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மாமா, சலவைச் சட்டையில், கார்டு இன்னொன்றில். பட்டறையிலிருந்து நேராக வந்த மாப்பிள்ளை, துணி நாற்காலியைக் கரியாக்க வேண்டாமென்று அவர்களுக்குப் பின்னால் கதவோரம் நின்றான்.

கார்டு முதலில் சொன்னார். தான் விசிலும் ஊதவில்லை, கொடியும் காட்டவில்லை என்றார். அடுத்து மாமா. சூப்பிரண்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு, கேட்ட ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். மாப்பிள்ளை கூப்பிட்டான், தனக்குத் தெளிவாகக் கேட்டது, திறந்தேன் என்றார். அவன் நல்ல பையன், இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தப்பு என்றும் சேர்த்துக்கொண்டார். வண்டி நகர்ந்த பிறகு ஏதாவது சத்தம் கேட்டதா என்று அம்மா கேட்டார்.

"இல்லம்மா. எல்லாரும் அமைதியாத்தான் இருந்தாங்க. பிரேக் பிடிச்சதும்தான் எனக்கே தெரிஞ்சது."

சூப்பிரண்டு அம்மா ஒரு விநாடி நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையும் எழுதினார். பிறகு கதவோரம் பார்த்து, கூப்பிட்டது உண்மையா என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

"ஆமாங்க. தப்பு என்னுதுதான்," என்றான். சுலபமாக வந்தது.

அவ்வளவுதான், முடிந்தது. அம்மா பேனாவை மூடினார். டிரைவர் மேல் குற்றமில்லை. ஃபயர்மேன் ஒரு வருஷம் இன்ஜினில் ஏறக் கூடாது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூடம் முழு வண்டியையும் எடுத்திருக்கிறது, நூற்று நாற்பது பிள்ளைகள். அதற்குச் சைக்கிள் கடைக்காரர் ஃபயர்மேனாக ஏறுவார், போன மாதமே பரீட்சை தேறிவிட்டார், நல்ல சத்தமான குரல் என்று சொல்லி அம்மா லேசாகச் சிரித்தார். மாமாவும் அவர் சிரிப்பைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்.

மாப்பிள்ளைக்கு அந்த விநாடிதான் உறைத்தது. சைக்கிள் கடைக்காரருக்குத் தரையைத் தட்டத் தெரியாது. கிளம்பலாம் என்று கத்துவார், மாமா திரும்ப மாட்டார், அது போகட்டும். ஆனால் புது ஆள். கரி போட்டதும் கரண்டியைத் தரையில் உதறுவார், ஸ்பானரைக் கீழே போடுவார், பூட்ஸ் காலைத் தட்டுவார். அந்தப் பக்கம் நூற்று நாற்பது பிள்ளைகள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கும். தான் ஒருத்தன் பழியைச் சுமந்து மாமாவைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தான். உண்மையில் மாமாவின் காதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அவரை மட்டும் இன்ஜினில் ஏற்றி அனுப்புகிறான்.

அக்காவுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் ஞாபகம் வந்தன. இந்த வார்த்தையைச் சொன்னால் அந்த வீட்டில் இனி எந்த முகத்தோடு நுழைவான் என்றும் தெரியவில்லை.

"அம்மா, மாமாவுக்குக் காது கேக்காது."

பட்டறையில் மெஷின் சத்தத்துக்கு மேலே கூப்பிடுகிற குரலில்தான் சொன்னான், அந்தக் குரல்தான் வந்தது. கார்டு வெடுக்கென்று திரும்பினார். சூப்பிரண்டு அம்மாவின் கை மேசைமேலேயே நின்றது. மாமா மட்டும் அசையவில்லை. அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்து, தன்னிடம்தான் ஏதோ சொன்னார் போலிருக்கிறது, கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, "சரிங்கம்மா, செஞ்சிடலாம்," என்றார் பணிவாக.

மாப்பிள்ளைக்கு அந்தச் 'சரிங்கம்மா' தாங்க முடியவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் குற்றம் சொல்லிவிட்டு, அவர் அதைக் கேட்காமல் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிற கொடுமை விரோதிக்கும் வேண்டாம். சுற்றிக்கொண்டு முன்னால் வந்தான். மாமாவின் நாற்காலிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் பார்க்கும்படி முகத்தை நேராக வைத்துக்கொண்டான்.

"மாமா, உங்களுக்குக் காது கேக்காதுன்னு சொன்னேன்."

மாமா அவன் வாயைப் பார்த்தார். பிறகு கண்ணைப் பார்த்தார்.

"எப்பச் சொன்னே?"

"இப்பத்தான். பின்னாடி நின்னு. கத்திச் சொன்னேன்."

மாமா கார்டைத் திரும்பிப் பார்த்தார். பல் டாக்டர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்று ஆட்டினார்.

"அப்ப அன்னைக்கு நீ கூப்பிட்டது?"

"நான் கூப்பிடவே இல்ல மாமா. கரண்டியில ஒட்டின கரியைத் தரையில தட்டினேன். ரெண்டு வருஷமா உங்களுக்கு அதுதான் கேக்குது. என் குரல் இல்ல." அவனுக்குக் கண்ணீர் வழிந்தது. உதடு கோணினால் அவருக்குப் புரியாதே என்று அடக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "முதல் நாளே சொல்லியிருக்கணும். சொல்லல. என் தப்பு அதுதான்."

மாமா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். நாலு பேர் முன்னால் அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான். அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியது. தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"பலகை சரிஞ்சப்ப அந்த நாற்காலி அம்மா கத்தினாங்களா?"

சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இரண்டு வருஷமாகச் சொல்லாமல் விட்டதன் லட்சணம்தான் எதிரே உட்கார்ந்திருந்தது.

"கத்தினாங்க மாமா. பிளாட்பாரமே கத்துச்சு. நானும் உங்க பக்கத்துல நின்னு கத்தினேன்."

மாமா இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் டீசலிலும் அப்புறம் இதிலும் ஒரு உயிருக்குச் சேதம் வராமல் ஓட்டினவர். அமைதியாகத்தான் இருந்தாங்க என்று சற்று முன்னால் அவரே வாக்குமூலம் கொடுத்திருந்தார், அது மேசைமேல் எழுத்தில் இருந்தது. அதை ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டார்.

"அதை அடிச்சிடுங்கம்மா," என்றார். "இப்படி எழுதிக்கங்க. டிரைவருக்குக் காது கேக்காது. டிரைவரே சொன்னான்னு போடுங்க. கையெழுத்து நான் போடறேன்."

மெதுவாகச் சொல்வதாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும். அந்தக் குரல் ஷெட்டைத் தாண்டிப் பிளாட்பாரம் வரைக்கும் கேட்டது. சூப்பிரண்டு அம்மா பேனாவைத் திறந்து, அவர் சொன்னபடியே எழுத ஆரம்பித்தார். மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. மாமாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதான்.